அத்தையின் நீலக் கண்ணாடி

சித்தி ஒரு பழைய குக்கர் மூடியைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, அதைக் குறியீடு என்று சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று என்னிடம் கேட்டார். சாம்பார் என்றேன். சித்தி சிரிக்கவில்லை, சரியான பதில்தான் என்றார். அன்றிலிருந்து எனக்கு ஆர்வம் தாங்கவில்லை.

சித்தி ஓவியம் படித்தவர். தோழிகள் மூவரோடு சேர்ந்து திருச்சி தென்னூரில் ஒரு சிறிய மாடி ஹாலை வாடகைக்குப் பிடித்து, வீட்டுச் சாமான்களை வைத்தே கண்காட்சி நடத்தினார். பெண்கள் தாலிச் சங்கிலியில் கோத்து வைத்துக்கொள்ளும் ஊக்குகள் கொத்தாகத் தொங்கின. சமையல் மேடை துடைக்கும் துணி ஒன்றுக்குத் தனி ஸ்டூல் போட்டு ராஜமரியாதை. "வீட்டுல கிடக்கறதைப் பாக்க எதுக்குப் பஸ் ஏறிப் போகணும்?" என்று அப்பா ஸ்ரீரங்கத்திலேயே இருந்துகொண்டார்.

சித்தி வைத்ததில் முக்கியமானது அத்தையின் முகம் பார்க்கும் கண்ணாடி. அத்தை என் அப்பாவின் அக்கா. துபாயில் வேலை பார்த்த மாமா அங்கேயே இறந்தபின் எங்களோடு வந்து இருந்தார். கூட வந்த நீலச் சட்டக் கண்ணாடி, பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக் கிடந்தது. அதன் ஓரமெல்லாம் ஸ்டிக்கர் பொட்டுகள். மாமா இருந்த காலத்தில், படுக்கப் போகும்போது நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டியவை. அதன்பிறகு அத்தைக்குத் திருநீறு மட்டும்தான். சித்தி கண்ணாடியைக் கேட்டார். மூன்றாம் நாள் அத்தையே துணியில் சுற்றிக் கொடுத்து, பத்திரம் என்றார்.

திறப்பு நாள் மதியம் எல்லோரும் பேனர் கட்ட வெளியே போக, நான் மட்டும் ஹாலில் இருந்தேன். எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்றால், பாத்ரூம் கதவில் அம்மா ஒட்டிய பொட்டுகளைச் சுரண்டுவது என் வேலை. இங்கே ஊரே வரப்போகிறது, எங்கள் குடும்பக் கண்ணாடி இப்படியா இருப்பது? நகத்தாலும் ஸ்கேலாலும் எல்லாவற்றையும் சுரண்டிக் கூடையில் போட்டேன். ஸ்டூலில் இருந்த துணியையே எடுத்துப் பளபளவென்று துடைத்தும் வைத்தேன்.

திரும்பி வந்த சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கூடையில் இருந்தவை கிழிந்து சுருண்டிருந்தன. கீழே இருந்த ஃபேன்ஸி ஸ்டோருக்கு ஓடி, அதே மெரூன் நிறத்தில் அட்டை அட்டையாக வாங்கி வந்து ஒட்ட ஆரம்பித்தார். பாதியில் அம்மாவும் அத்தையும் உள்ளே வந்தார்கள்.

சித்தி நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அத்தை கூடையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். பிறகு சித்தி ஒட்டியவற்றை ஒவ்வொன்றாகப் பிய்த்தார்.

"இப்படி நேரா ஒட்டக்கூடாதும்மா. நெத்தியிலேருந்துதான் கண்ணாடிக்கு வரணும்."

அட்டையிலிருந்து ஒன்றை எடுத்துத் திருநீற்றுக்குக் கீழே வைத்துக்கொண்டார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். பொட்டை எடுத்து அதன் ஓரத்தில் ஒட்டினார். அப்புறம் அடுத்தது. வந்தவர்கள் இதுவும் கண்காட்சியில் சேர்த்தி என்று நினைத்துச் சுற்றி நின்றார்கள். அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கோ பொறுமை போய்விட்டது. நேராக ஒட்டினால் ஐந்து நிமிட வேலை என்று அத்தையிடமே சொன்னேன். அத்தை சிரித்தார்.

சாயங்காலம் டவுன் பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தார், பக்கத்தில் நான். காவிரிப் பாலத்தில் ஏறும்போதுதான் கவனித்தேன், கடைசிப் பொட்டு அவர் நெற்றியிலேயே இருந்தது. முன் சீட்டிலிருந்து அம்மா இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். மதியம் செய்த தப்புக்கு ஈடாக ஏதாவது நல்லது செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே துடிப்பு.

"அத்தை, ஒண்ணு எடுக்க மறந்துட்டீங்க" என்று சொல்லி, எட்டி நானே அதை எடுத்து ஜன்னல் கம்பியில் ஒட்டினேன்.

அத்தை அந்த இடத்தை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"ஆமா, மறந்துட்டேன்" என்றார்.

நல்ல வேளை, வீடு போய்ச் சேருவதற்குள் என் கண்ணில் பட்டதே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.