எந்தக் கையால் எழுதுவீர்கள் என்று டாக்டர் கேட்டார்

முதலில் சப்பாத்துதான் காட்டிக்கொடுத்தது. ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போடும் சப்பாத்துக்குள் என் கால் நுழையவில்லை. மாசாயில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

"சப்பாத்தைத் தண்ணியில போட்டியா? சுருங்கிப்போச்சு பாரு," என்று மகள் தர்ஷினியைக் கேட்டேன். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

"சப்பாத்து சுருங்கலப்பா. உங்க கால்தான் பெருசாயிருக்கு."

குனிந்து என் கணுக்காலை விரலால் அழுத்திக் காட்டினாள். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. நான் அதைத் தேய்த்துவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பிள்ளைகளே, எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், பிறகு மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவன். டயாலிசிஸ் நிலையத்தின் வெளி அறையில் பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்யும் உங்களைப் பார்த்த பிறகுதான் எழுதத் தோன்றியது. உள்ளே உங்கள் அப்பாவோ அம்மாவோ படுத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று தாள் தாளாகக் கொடுக்கிறார்கள். உங்களுக்கு யாரும் எதையும் எழுதித் தருவதில்லை.

கால் வீங்கிய பிறகு நாக்கு மாறியது. எதைச் சாப்பிட்டாலும் இரும்பை நக்கியது போல இருந்தது. பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. என் மனைவி கலா விடுப்பு எடுத்துக்கொண்டு என்னை மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். இனிப்பு நீர் வியாதி எனக்குப் பல வருடமாக உண்டு. மாத்திரையை நினைத்தால் போடுவேன், மறந்தால் விடுவேன். அது உள்ளே என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று இரத்தத்தைச் சோதித்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறைய நின்றுவிட்டன.

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் (இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் விடுவது) என்றார்கள். அவசரத்துக்குக் கழுத்தில் ஒரு குழாய் போட்டார்கள். அது நிரந்தரமில்லை. கையில் ஃபிஸ்டுலா (ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சேர்த்துத் தைத்து, ஊசி குத்துவதற்குத் தடித்த குழாயாக வளரவிடுவது) வைக்க வேண்டும்.

டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். கனிவாகப் பேசுவார்.

"அங்கிள், எந்தக் கையில எழுதுவீங்க? எழுதற கைய விட்டுட்டு மத்த கையிலதான் வைப்போம்."

இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை முழுவதும்.

நான் வலது கைக்காரன். ஆனால் நான் கிட்டார் வாசிப்பவன். தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாலும், முப்பது வருடமாக என்னைக் கிட்டார்காரன் சேகர் என்றுதான் சொல்வார்கள். கம்பியை அழுத்துவது இடது கை. முப்பது வருடம் தேய்த்து எடுத்ததெல்லாம் அந்த நான்கு விரலில்தான் இருக்கிறது. வலது கை வெறுமனே மீட்டுகிறது, சோறு சாப்பிடுகிறது, கையெழுத்துப் போடுகிறது. போனால் போகட்டும் என்று நினைத்தேன்.

"இடது கையில," என்றேன்.

பக்கத்து நாற்காலியில் தர்ஷினி இருந்தாள். கலா வேலைக்குப் போயிருந்ததால் துணைக்கு வந்தவள். அவள் சட்டென்று என்னைப் பார்த்தாள். நான் கண்ணை உருட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சம்மதத் தாளை நீட்டினார்கள். அதில் இடது கையாலேயே கையெழுத்துப் போட்டேன். எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தன. வரிசையில் பின்னால் பலர் காத்திருந்தார்கள். யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவள் மட்டும் கவனித்தாள்.

மணிக்கட்டில் இரத்தக்குழாய் மெலிந்திருந்ததால், வலது முழங்கைக்குச் சற்றுக் கீழே வைத்தார்கள். சில வாரத்தில் அங்கே தோலுக்கடியில் ஒரு அதிர்வு வந்தது. விரலை வைத்தால், வாசிக்காமல் விட்ட ஆம்ப்ளிஃபயர் போல ரீங்கரிக்கும். தினமும் காலையில் தொட்டுப் பார்க்க வேண்டும், அதன் மேல் எதையும் அழுத்தக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கக் கூடாது என்று தாதி சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

நான் ஏன் அப்படி ஒரு பொய் சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு ஆல்பத்துக்காகச் சொன்னேன்.

எங்கள் ராக் குழுவில் மூன்று பாடகர்கள் இருந்தார்கள், ஒருவர் பின் ஒருவராக. மூவரும் என்னால்தான் போனார்கள். முதலில் அந்தோணி. ஒரு கல்யாண மண்டபத்தில் சுருதி விலகினான் என்று பாட்டின் நடுவிலேயே அவன் மைக்கை அணைத்தேன். சனங்கள் சிரித்தார்கள். அவன் மெர்சிங்குக்குப் போய் படகுத்துறையில் சீட்டு விற்க ஆரம்பித்தான். அடுத்து குணா. அவன் எழுதிய பாட்டுகளை ஒன்றுகூட மேடையேற்ற விடவில்லை. இப்போது சிங்கப்பூரில் பேருந்து ஓட்டுகிறான். கடைசியாக ரேவதி. பிள்ளை பெற்று வந்த பிறகு, உன் குரல் போய்விட்டது என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். கூலாயில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமைக்கிறாள்.

கழுத்தில் குழாயோடு படுத்திருந்தபோது ஒரு ஆசை வந்தது. மூன்று பேரையும் திரும்பக் கூப்பிட்டு ஒரே ஆல்பத்தில் பாட வைக்க வேண்டும். கடைசிப் பாட்டை மூவரும் சேர்ந்து பாட வேண்டும். கிட்டார் நான்தான் வாசிக்க வேண்டும். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் இப்படித்தான் எதையாவது செய்வான்.

வந்தார்கள். மாசாயில் மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேல்மாடியில் ஒரு ஒலிப்பதிவு அறை உண்டு. கீழே யாராவது இன்ஜினை முறுக்கினால் நாங்கள் நிறுத்திக்கொள்வோம். மெக்கானிக் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, ஒவ்வொருவரையும் தனித்தனி நாளில் பாட வைத்தேன்.

அந்தோணி மெர்சிங்கிலிருந்து கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்தான். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"சாகப் போறன்னு சொன்னாங்க, அதான் வந்தேன். பாத்தா நல்லாத்தான்டா இருக்க. ஏமாத்திட்டியே."

"கருவாடு எனக்கு ஆகாதுடா. உப்பு."

"தெரியும். இது கலாவுக்கு."

ரேவதி உள்ளே வந்ததும் மைக்கின் சுவிட்சைத் தேடினாள். "இது யார் பக்கம் இருக்கு சேகரண்ணே? உங்க பக்கமா, என் பக்கமா?" என்று கேட்டாள். பாடுகிறவர் பக்கம்தான் என்றேன். "அப்ப சரி," என்று பாடினாள். குரல் போகவில்லை. கொஞ்சம் கனத்திருந்தது, அவ்வளவுதான். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

கடைசிப் பாட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தோம். பட்டறை மூடியிருக்கும். டயாலிசிஸ் எனக்குச் செவ்வாய், வியாழன், சனி. குணாவுக்கும் அன்று விடுமுறை. என் கைக்குக் காவலாகக் கலா தர்ஷினியைக் கூட அனுப்பியிருந்தாள்.

கிட்டார் வாசிப்பவர் யாரையாவது உட்காரச் சொல்லிப் பாருங்கள். வலது கை எங்கே படுகிறது? கிட்டாரின் மேல் விளிம்பில், முழங்கைக்குச் சற்றுக் கீழே. முப்பது வருடம் வாசித்தவனுக்கு அது தெரியாதா? கம்பியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத் தெரியவில்லை. அதற்கு முன் பதிவு செய்தபோதெல்லாம் அரை மணி, முக்கால் மணிதான் வாசித்தேன். கை தாங்கிக்கொண்டது.

அந்த ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். முதல் தடவை குணா வரியை மறந்தான். இரண்டாவது தடவை எல்லாம் கூடி வந்தது. பாட்டு முடிந்ததும் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"அப்பா, போதும்பா," என்றாள் தர்ஷினி, மூலையிலிருந்து, கம்பி அடங்கும் முன்பே.

"இதுதான்லா. விட்டுடு," என்றான் குணா.

நான் இன்னொரு தடவை என்றேன். நடுவில் ஒரு இடத்தில் என் விரல் வழுக்கியிருந்தது. அது வேறு யார் காதுக்கும் எட்டியிராது. பிறகு இன்னொரு தடவை. பிறகு இன்னொன்று. பிற்பகல் ஆனது. அந்தோணி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"டேய், உன் சிறுநீரகம்தான்டா மாறியிருக்கு. நீ மாறல."

"கை வீங்கியிருக்கு பாருங்கண்ணே. எனக்கே பயமா இருக்கு," என்றாள் ரேவதி.

தர்ஷினி எழுந்து வந்து கிட்டாரின் மேல் கையை வைத்தாள். "அப்பா, நர்ஸ் அழுத்தக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல? கைய எடுங்கப்பா."

"பெரியவங்க வேலை செய்யற இடத்துல வாய மூடிக்கிட்டு இரு," என்றேன்.

எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஒரு காலத்தில் அந்தோணியின் மைக்கை அணைத்த அதே ஆள்தான் சொன்னது. அந்தோணி என்னைப் பார்த்தான். மாலை நான்கு வரை வாசித்தேன்.

மறுநாள் காலை முழங்கையைத் தொட்டேன். ரீங்காரம் இல்லை. விரலை மாற்றி மாற்றி வைத்தேன். காதைக் கொண்டுபோய் வைக்கப் பார்த்தேன். அங்கே வெறும் தோல்தான் இருந்தது.

மருத்துவமனையில் இரத்தம் உறைந்து அடைத்துவிட்டது என்றார்கள். கட்டியை எடுக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. வந்து சேர நேரம் தப்பியதால் என்றும், அழுத்தியதால் என்றும், என் இரத்தக்குழாயே மோசம் என்றும் பல காரணம் சொல்லலாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஞாயிறு காலை அது இருந்தது.

கழுத்தில் மறுபடியும் குழாய். அதில் கிருமி ஏறிக் காய்ச்சல் வந்து, குளிரில் கட்டில் ஆடியது. காய்ச்சல் விட்ட பிறகு அதே டாக்டர் வந்தார்.

"வலது பக்கம் இனி முடியாது அங்கிள். இடது மேல்கையில வைக்கணும். உங்களுக்கு இடது கைப் பழக்கம்னு எழுதியிருக்கு, அதான் யோசனையா இருக்கு."

நான் கூரையைப் பார்த்தேன்.

"அப்பா வலது கையிலதான் எழுதுவார் டாக்டர்," என்றாள் தர்ஷினி. இந்த முறை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "கிட்டாருக்காக மாத்திச் சொன்னார்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"கிட்டார்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அதையே கொண்டுவரச் சொல்லி, எங்க அழுத்துதுன்னு பார்த்திருப்பேனே அங்கிள்," என்றார். "கையே வேணாம்னா வயித்து வழியா செய்யற டயாலிசிஸும் இருக்கு. அதையும் பேசியிருக்கலாம்."

அவர் போன பிறகு தர்ஷினி நடைபாதையில் நின்று அழுதாள். கலா போய் அணைத்துக்கொண்டாள். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது. "நான் அன்னைக்கே சொல்லியிருந்தா அப்பாவுக்கு இப்படி ஆகியிருக்காதும்மா. எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சும் சொல்லல."

பிள்ளைகளே, என் கையில் போட்ட எந்த ஊசியும் அவ்வளவு வலிக்கவில்லை. பொய் என்னுடையது. அதைத் தூக்கிக்கொண்டு அவள் பல மாதம் பள்ளிக்குப் போய் வந்திருக்கிறாள். அன்றே கூப்பிட்டு, உன் மேல் தப்பில்லை என்றேன். தலையாட்டினாள். நான் தாதியிடம் தலையாட்டியது போலத்தான் ஆட்டினாள்.

இடது மேல்கையில் வைத்த ஃபிஸ்டுலா வேலை செய்கிறது. ஆனால் விரல்களுக்குப் போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கை அது இழுத்துக்கொள்கிறது. மோதிர விரலும் சுண்டு விரலும் எப்போதும் குளிர்ந்திருக்கின்றன. கம்பியில் வைத்தால், வைத்தது தெரிவதில்லை. வேறு சிகிச்சை செய்தால் சரியாகலாம், சரியாகாமலும் போகலாம் என்கிறார் டாக்டர். இப்போது டாக்டர் கேட்பதற்கு உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். அதனால் விரல் சூடாகவில்லை.

ஆல்பம் வந்துவிட்டது. அட்டையில் தன் பெயர் மூன்றாவதாக இருக்கிறது என்று அந்தோணி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். குணா வாழ்த்து அனுப்பினான். ரேவதி கேட்டாளா என்றே தெரியவில்லை. மூவரையும் ஒன்றுசேர்த்தேன் என்று நினைத்தது அந்த ஒரு ஞாயிறு மட்டும்தான்.

இப்போது எனக்கு வாரத்தில் ஏழு நாள் இல்லை. இயந்திர நாள், மறுநாள் என்று இரண்டுதான் உண்டு. தினமும் காலையில் தர்ஷினி பள்ளிக்குக் கிளம்பும்போது என் இடது கையைத் தொட்டுப் பார்க்க வருவாள். வேண்டாம், அது என் வேலை என்று சொல்லிவிட்டேன். நானே தொட்டுப் பார்த்து, "இருக்கும்மா" என்று உள்ளிருந்து குரல் கொடுக்கிறேன். பிறகுதான் கேட் சாத்தும் சத்தம் கேட்கும். உடம்பு என்பது எனக்கு இப்போது அந்த ஒரு இடம்தான். அது ரீங்கரிக்கும் சுருதி எந்தக் கம்பியிலும் சேரவில்லை.

உங்கள் அப்பாவோ அம்மாவோ டாக்டரிடம் மாற்றிச் சொன்னால், உங்களைப் பார்த்துக் கண்ணை உருட்டினால், நீங்கள் உள்ளதைச் சொல்லுங்கள். பயந்து சொல்லாமல் விட்டுவிட்டால், அந்தத் தப்பு உங்களுடையது அல்ல. கண்ணை உருட்டியவருடையது.

கடைசிப் பாட்டுக்கு அன்று செய்த பதிவுகளையெல்லாம் போட்டுக் கேட்டோம். அவற்றில் சரியாக இருந்தது இரண்டாவது. விரல் வழுக்கிய இடத்தை நானே தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. ஆல்பத்தில் இருப்பது அதுதான். அதற்குப் பிறகு மாலை வரை நான் வாசித்த எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

பாட்டு ஓய்ந்து, கடைசிக் கம்பியின் அதிர்வு அடங்கும்போது, மைக்குகள் திறந்தே இருந்ததால், தூரத்தில் ஒரு சின்னக் குரல் விழுந்திருக்கிறது. "அப்பா, போதும்பா." ஒலிப்பதிவாளர் வெட்டிவிடட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். கேட்கிறவர்களுக்குப் பாட்டு அந்த இடத்தில் முடிகிறது.