தொள்ளாயிரம் கிராம் குறைவு

1. முள் நின்ற இடம்

கோப்பைப் பந்தயத்தில் முதலாவதாக வந்த ஜெரார், சேணத்தைக் கைகளில் ஏந்தியபடி தராசில் ஏறினான். முள் ஐம்பத்தாறு கிலோவைத் தொட வேண்டும். ஐம்பத்தைந்தைச் சற்றே தாண்டி நின்றுவிட்டது. தொள்ளாயிரம் கிராம் குறைவு. அரைக் கிலோ வரை பொறுப்பார்கள். அதற்கு மேல் போனால் குதிரை தகுதி இழக்கும்.

எண்பதுகளின் நடுப்பகுதி, ஜூலை மாதச் சனிக்கிழமை, போர்ட் லூயிஸ் பந்தயத் திடல். அரைநாள் ஷிப்டு முடித்த ஆலைத் தொழிலாளர்களால் திடல் நிரம்பியிருந்தது. சென்னையிலிருந்து வந்து வெயிங் ரூம் குமாஸ்தாவாகச் சேர்ந்த எனக்கு அது இரண்டாவது சீசன். பந்தயத்துக்கு முன் ஜாக்கியையும் சேணத்தையும் சேர்த்து எடை போடுவது வெயிட் அவுட். ஓடி முடித்ததும் மறுபடி போடுவது வெயிட் இன். இரண்டும் ஒத்துப்போனால்தான் முடிவை அறிவிப்பார்கள்.

ஜெரார் அந்த ஊரின் சாந்த் குருவா பகுதிக்காரன். தமிழ்க் குடும்பப் பெயர் கொண்ட கத்தோலிக்கன். 'அண்ணே' முதலான நாலைந்து சொற்களுக்கு மேல் தமிழ் தெரியாது. வெளிநாட்டு ஜாக்கிக்குக் காய்ச்சல் என்பதால் கிடைத்த முதல் பெரிய சவாரி அது. அங்கே எல்லோரும் பேசியது அந்தத் தீவின் பிரெஞ்சுக் கலப்பு மொழியான கிரியோலில், தமிழில் தருகிறேன்.

2. ஈயம்

பந்தய விதிமீறலை விசாரிக்கும் தலைமை ஸ்டூவர்டு வந்தார். "ஈயத்தை எந்த வளைவுல போட்டே?"

எடை குறைந்த ஜாக்கிகள் சேணத்தின் கீழ் ஒரு பையில் ஈயத் தகடு வைத்துக்கொள்வார்கள். ஓடும்போது அதை நழுவவிடுவது பழைய திருட்டு. பிடிபட்டால் லைசென்ஸ் போய்விடும்.

"நான் போடல, மிசியே. பையைப் பிரிச்சுப் பாருங்க, எல்லாம் இருக்கு." மிசியே என்றால் ஐயா.

"இருக்கிறது தெரியும். போனது எப்படித் தெரியும்?"

வெளியே முடிவு தாமதமானதில் கூட்டம் பொறுமையிழந்து "வோலேர்! வோலேர்!" என்று கத்தியது. திருடன் என்று அர்த்தம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெயிட் அவுட்டில் நான் நேரத்தை நிமிடம் பிசகாமல் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது, தராசிலிருந்து இறங்கிய அவன் சேணத்தின் மேலிருந்து ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, விப்பையும் எடுத்துக்கொண்டான். ஹெல்மெட்டும் விப்பும், அதாவது சாட்டையும், எடையில் சேரக் கூடாது. பார்த்தும் பார்க்காமல் அடுத்தவனைக் கூப்பிட்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டால் என் வேலை மிஞ்சும்.

"மிசியே, அவன் ஹெல்மெட்டையும் விப்பையும் சேணத்தின் மேல வைக்கச் சொல்லுங்க" என்றேன்.

வைத்தார்கள். முள் ஐம்பத்தாறில் நின்றது.

ஸ்டூவர்டு என் பக்கம் திரும்பினார். "வெயிட் அவுட்ல நீங்க எதைப் பார்த்துக்கிட்டிருந்தீங்க?"

"பதிவேட்டை."

3. ஒலிபெருக்கி

யார் பிழையானாலும் எடை எடைதான். கோப்பை இரண்டாவது குதிரைக்குப் போனது. ஜெராரின் லைசென்ஸ் பிழைத்தது. 'எடைக் குறைவால் தகுதி நீக்கம்' என்று அறிவிப்பை எழுதினார் ஸ்டூவர்டு.

"அவ்வளவுதானா?" என்றான் ஜெரார். "எங்க தெருவுல இதுக்கு ஈயம்னு அர்த்தம், அண்ணே."

காரணத்தையும் சேர்க்கச் சொன்னேன்.

"உங்க பேரு கெடும்" என்றார் அவர்.

"அவன் பேரு இப்பவே வெளியே கெட்டுக்கிட்டிருக்கு, மிசியே."

எடைக் குமாஸ்தாவின் பிழை என்று ஒலிபெருக்கி சொன்னது. கூச்சல் குறையவில்லை. ஜன்னலோரம் காது கொடுத்துக் கேட்ட ஜெரார், "இப்ப உங்களைத்தான் திட்டுறாங்க, அண்ணே. உங்க அம்மாவையும் விடல" என்றான். பிறகு பந்தயச் சட்டையைக்கூட மாற்றாமல் முன்வாசல் வழியாகக் கூட்டத்துக்குள் இறங்கிப் போனான்.

அந்த சீசன் முழுவதும் என்னைத் தராசுப் பக்கம் விடவில்லை. அவன் அடுத்த சனிக்கிழமையும் சவாரி செய்தான். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முதலில் ஆளைப் பாருங்கள், அடுத்து முள்ளை, எழுதுவது கடைசியில். அப்படியும் பிழை நேர்ந்தால், முடிவை அறிவிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு சொன்னால் உங்கள் மனம்தான் ஆறும். ஜாக்கிக்கு அதனால் ஒன்றுமில்லை.