சத்தமில்லாத கம்ப்ரசர்

கம்ப்ரசர் வாங்கிக்கொள்ள என் மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "சத்தம் வரக்கூடாது. வந்துச்சுன்னா அன்னைக்கே மெஷின் வெளிய போயிரும்." பகலெல்லாம் நாரணாபுரத்தில் பட்டாசுக்கு மருந்து செலுத்துகிறவள், வீட்டிலாவது அமைதி கேட்டாள். நான் அச்சக வேலை முடிந்து வந்து, பின்பக்கத் தகரக் கொட்டகையில் பழைய சைக்கிள்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். பிரஷ்ஷில் அடித்தால் வரிவரியாக விழுகிறது. ஸ்பிரே அடிக்கக் காற்று வேண்டும்.

சிவகாசிக் கடையில், "சத்தம் எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

கடைக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கவலையே படாதீக. தெருவே அதிரும்!"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊரில் சத்தம்தான் தரம். சத்தமே வேண்டாம் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மூலையிலிருந்து ஆயில் இல்லாத கம்ப்ரசர் ஒன்றை இழுத்து வந்தார். காப்பர் வைண்டிங்கா, டேங்க் எத்தனை லிட்டர் என்று பெரிய இன்ஜினியர் மாதிரி குடைந்தேன். போட்டுக் காட்டினார். பழைய ஃபிரிட்ஜ் அளவுக்குத்தான் முனகியது. எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். மனைவி கொட்டகை வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டாள். "பரவாயில்லையே" என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதற்குள் டேங்க் நிரம்பி மோட்டார் நின்றது. குழாயில் மிச்சமிருந்த காற்றை வெளியே விட்டது: "புஸ்ஸ்ஸ்..."

அடுத்த நொடி நான் தெருவில் இருந்தேன். ஒரு காலில் செருப்பு இல்லை. என் மணிக்கட்டு அவள் பிடியில். அவளோடு வேலை பார்க்கும் எதிர்வீட்டு அக்கா, அவள் ஓடுவதைப் பார்த்ததுமே என்ன ஏது என்று கேட்காமல் கரண்டியோடு வெளியே ஓடி வந்து நின்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வெறுங்காத்துடி! வெடிக்கவா செஞ்சுச்சு?"

"வெடிச்ச பெறகு எங்கன ஓட? மருந்து மொதல்ல புஸ்ஸுன்னுதான் தீப்பிடிக்கும். அப்பவே ஓடிறணும்." அவளுக்கு மூச்சு வாங்கியது. பிடித்த கையை இன்னும் விடவில்லை.

என் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை வருஷமாகத் தினமும் இந்தச் சத்தத்துக்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது. வெட்கமாக இருந்தது.

"திருப்பிக் குடுத்துரவா?" என்றேன்.

"வேணாம், இருக்கட்டும். மெஷின் நிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கொரல் குடுங்க."

இப்போது பெயின்ட் அடிப்பதை விட்டுவிட்டு, டேங்கில் காற்றழுத்தம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது எட்டை நெருங்கியதும், "புஸ் வருது!" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். அடுப்படியிலிருந்து "சரி" என்று அவள் குரல் வரும். எதிர்வீட்டிலிருந்தும் ஒரு "சரி" வரும்.