அயனம்பாக்கத்தில் ஒரு கைப்பிடி மண்

வெள்ளிக்கிழமை, காலை ஆறரை மணி. கோவையிலிருந்து ராத்திரி முழுக்க ஓடிவந்த ரயில் சென்ட்ரலில் என்னை இறக்கிவிட்டபோது எனக்கு இடுப்புவலி, காபி கிடைக்காத கோபம் இரண்டும் சேர்ந்திருந்தன. பக்கத்திலேயே புறநகர் ரயில். அம்பத்தூருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். கோவையில் அந்தக் காசுக்கு வடையைப் பார்க்க மட்டும்தான் விடுவார்கள்.

கையில் ஆளுயரத்துக்குச் சுருட்டிய ஆஸ்திரேலிய வரைபடம் ஒன்று. வில்லிவாக்கம் வருவதற்குள் அது நான்கு பேரைக் குத்திவிட்டது. எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "இன்னாக்கா அது, பீரங்கியா? அந்தாண்ட திருப்பி வெய்யி, புள்ளைங்க கண்ணுல படப்போவுது" என்று அதட்டினார். மடியில் கிடத்திக்கொண்டேன்.

பீரங்கி எதற்கென்று சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் வட கோடியில் இருக்கும் டார்வின் நகரத்தில் பதினொரு வருடம் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தவள் நான். அந்த மண்ணின் ஆதிக்குடித் தலைவர்களைப் பற்றி அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லுவார்கள். அந்த மக்களே வந்து சொல்லும் நாட்களும் உண்டு. நான் ஓர் ஓரமாக நின்று கேட்பேன். என் கல்லூரித் தோழி ஸ்டெல்லா, அயனம்பாக்கத்தில் ஒரு தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் மாலை வகுப்பு நடத்துகிறாள். பள்ளி விடுமுறை வந்தால் பாடப்புத்தகத்தில் இல்லாத தலைவர்களைப் பிடித்துக்கொண்டு வந்து பிள்ளைகளுக்குச் சொல்வதும் நாடகம் போடவைப்பதும் அவள் பழக்கம். இந்தக் காலாண்டு விடுமுறைக்கு, "உன் ஆஸ்திரேலியாக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வாடி" என்று உத்தரவு போட்டிருந்தாள்.

அம்பத்தூர் நிலையத்திலிருந்து அயனம்பாக்கம் ஆறு கிலோமீட்டர்போல இருக்கும். ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார். "நூத்தம்பதுங்க, அதுக்கு மேல ஆகாதுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "கோயமுத்தூரா? இப்டி ங்க போட்டு பேரம் பேசினா நான் எப்டிக்கா சண்ட போடுறது? ஏறு, ஏறு."

எஸ்டேட் என்கிற தொழிற்பேட்டைப் பக்கம் முதல் ஷிஃப்ட்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டு கம்பெனி பேருந்துகள் திரும்பிக்கொண்டிருந்தன. டீக்கடைகளில் நிற்க இடமில்லை. நெரிசலெல்லாம் தாண்டி ஒரு திருப்பத்தில் ஏரி வந்தது. நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. கரையில் வேக நடைக்காரர்கள் கையை வீசிக்கொண்டு போனார்கள். எனக்கு உடனே இடுப்புவலி குறைந்ததுபோல இருந்தது.

மாலை நான்கு மணி. முப்பது பிள்ளைகள், ஐந்தாறு அம்மாக்கள். மூலையில் ஒரு பை நிறைய வேப்பிலை, கோழி இறகு, கரித்தூள். "மாறுவேஷத்துக்கு எல்லாம் ரெடி" என்றாள் ஸ்டெல்லா பெருமையாக. பள்ளி மாறுவேடப் போட்டி பார்த்துப் பழகிய ஊர். ஆதிவாசி என்றால் இலை, தழை, முகத்தில் கரி. எனக்கு வந்ததே கோபம்! "நான் சொல்லப்போற தலைவர் சட்டை, கால்சட்டை, பெரிய தொப்பி போட்ட மாட்டுக்காரர். அந்தப் பையைக் கண்ணு முன்னாடியிருந்து எடு முதல்ல" என்று கத்தினேன். பிள்ளைகளுக்கு இலை போனதில் ரொம்ப வருத்தம். தொப்பி உண்டு என்றதும் சமாதானமானார்கள்.

வரைபடத்தை விரித்துக் கதையை ஆரம்பித்தேன். பெரிய பெரிய மாட்டுப் பண்ணைகள். அந்த நிலம் யாருடையதோ அந்த மக்களே அங்கே கூலிகள். சம்பளமென்று கேட்டால் மாட்டிறைச்சியும் மாவும் தேயிலையும் சர்க்கரையும். ஒருநாள் அவர்களுடைய தலைவர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வேலையை விட்டு வெளியே நடந்தார்.

"ஸ்ட்ரைக்!" என்று கூவினான் ஆல்வின். எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற அப்பாவின் மகன், ஆறாம் வகுப்பு. "கேட் மீட்டிங் போட்டாங்களா ஆன்ட்டி? சங்கம் இருந்துச்சா? கொடி இன்னா கலரு?"

டார்வினில் ஒரு குழந்தைகூட என்னிடம் கொடியின் நிறத்தைக் கேட்டதில்லை. சங்கத்துக்காரர்கள் துணைக்கு வந்தார்கள் என்றேன். கைதட்டல். மரப்பட்டையில் சித்திரம் எழுதி, நடுவே மனுவை ஒட்டிப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய வேறொரு குடியைப் பற்றிச் சொன்னேன். "திங்கக்கெழம மனு நாள்லயா குடுத்தாங்க?" என்று கேட்டாள் தர்ஷினி. அவள் கேட்டதில் விளையாட்டே இல்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அம்மாவோடு திங்கட்கிழமைகளில் போய்ப் பழகிய பத்து வயதுப் பெண் அவள்.

தலைவர் பெயரைக் கேட்டார்கள். பெயர் அங்கே புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் இறந்தவர் பெயரை வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கிற வழக்கம் அந்த மக்களில் பலரிடம் உண்டு என்றேன். பின்னாலிருந்து தர்ஷினியின் அம்மா வசந்தி, "உயிரோட கீற என் ஊட்டுக்காரர் பேரையே நான் சொல்றதில்ல, இதுல இன்னா கீது? தலைவருன்னே கூப்புடுங்க" என்று தீர்ப்புச் சொன்னார். அப்படியே முடிவாயிற்று. அதனால் இங்கேயும் அவர் தலைவர்தான்.

தலைவராக தர்ஷினி. பிரதமராக ஆல்வின், அவன் அப்பாவின் கல்யாணக் கோட்டோடு. மீதிப் பேர் தொழிலாளிகள். மாடாக நடிக்க மட்டும் ஏழு பேர் அடித்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை, காலை பதினொன்று. ஒத்திகை அமர்க்களமாகப் போனது. கதையை அவர்கள் அம்பத்தூருக்கே கொண்டுவந்துவிட்டார்கள்: கேட் முன்னால் பந்தல், பிளாஸ்கில் டீ, "போராடுவோம்! போராடுவோம்! வெற்றி கிட்டும்வரை போராடுவோம்!" என்ற முழக்கம். நான் திருத்தப் போகவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

கடைசிக் காட்சி. பல வருடம் ஆற்றோரம் உட்கார்ந்திருந்த மக்களைத் தேடிப் பிரதமரே வருகிறார். குனிந்து மண்ணை அள்ளித் தலைவர் கையில் ஊற்றுகிறார். ஆல்வின் வாசலிலிருந்து மண்ணை வாரி தர்ஷினியின் கையில் போட்டான். அந்த நேரம் பார்த்து வசந்தி உள்ளே வந்தார்.

"டேய்! இன்னாடா பண்றே எம் பொண்ணு கையில?"

மகளின் கையைத் தட்டி மண்ணை உதறினார். "நல்ல நாளும் அதுவுமா புள்ள கையில மண்ண வாரிப் போடுறீங்களே! மண்ணா போன்னு சொல்றதுக்கா கூப்ட்டீங்க? நாங்க கீற நெலமையில இது வேறயா? வாடி ஊட்டுக்கு." தர்ஷினி ஒருகையால் தொப்பியைப் பிடித்தபடி அழுதுகொண்டே போனாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது. மூடநம்பிக்கை என்று ஏதோ முணுமுணுத்தேன். ஸ்டெல்லா என்னைத் தனியே இழுத்துப்போனாள். "சும்மா இருடி. அவங்க தெருவுல வீடு அவங்களோடது, மண்ணுக்குப் பட்டா இல்ல. எத்தனையோ வருஷமா மனு கொடுத்துட்டிருக்காங்க. இப்பதான் வந்து அளந்துட்டுப் போயிருக்காங்க. இந்த நேரத்துல புள்ள கையில மண்ணு விழுந்தா அந்தம்மாவுக்கு எப்படி இருக்கும்?"

வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. கூடவே பயமும். மாலை ஐந்துக்கு நாடகம். தலைவர் வசனம் வேறு யாருக்கும் தெரியாது. அதைவிட, அளந்த நிலம் நாளைக்குக் கை நழுவினால் வசந்தி ஆயுசு முழுக்க எங்கள் நாடகத்தைத்தானே சபிப்பார்?

மதியம் இரண்டு. ஏரிக்கு அந்தப் பக்கம், தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு. வாசலில் செம்பருத்தி. வசந்தி முகம் கொடுக்கவில்லை. ஆனாலும் நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார்.

"தப்பு எம்பேர்லதாங்க" என்றேன். "மண்ணு எதுக்குன்னு உங்ககிட்டச் சொல்லாம விட்டுட்டேன். அந்தத் தலைவர் கேட்டதும் பட்டாதானுங்க."

வசந்தி திரும்பினார். "பட்டாவா?"

"ஆமாங்க. முதல்ல கூலிக்குன்னுதான் வெளிய வந்தாங்க. அப்புறம் கூலி மட்டும் பத்தாது, எங்க மண்ணை எங்களுக்கே கொடுங்கன்னு அங்கயே உட்கார்ந்துட்டாங்க. ஒன்பது வருஷம். கடைசில பிரதமர் பத்திரத்தோட வந்தார். காகிதம் மட்டும் எதுக்குன்னு மண்ணையும் அள்ளிக் கையில ஊத்தினார். இது உங்களோடதுன்னு எல்லாருக்கும் தெரியட்டும்னு."

"பிரதமரே வந்து குடுத்தாரா? எங்களுக்கு தாசில்தார் கூட வர்லியே!" வசந்திக்கு நம்ப முடியவில்லை. "ஒம்போது வருசம்... எங்களுக்கு அதுக்கு மேலயே ஆயிடுச்சிக்கா."

உள்ளேயிருந்து தர்ஷினி எட்டிப் பார்த்தாள், இன்னும் தொப்பியோடு.

வசந்தி எழுந்து புடவையை இடுப்பில் செருகினார். "அப்ப அந்த ஆல்வின் பையன் பண்ணது தப்புதான். பட்டா குடுக்கறவன் செருப்புக்கால் பட்ட மண்ண வழிச்சிக் குடுப்பானா? மரியாதையா குடுக்க வேணாம்?" கடப்பாரை எடுத்துச் செம்பருத்தி ஓரம் தோண்டினார். அடியில் ஈரமாக நல்ல மண். சல்லடையில் சலித்தார். பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் துலக்கி, மஞ்சள் தடவி, மண்ணைக் குவியலாக வைத்து, உச்சியில் குங்குமமும் வைத்தார். "எம் பொண்ணு கைக்குப் போற மண்ணு எங்க ஊட்டு மண்ணா இருக்கட்டும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை.

மாலை ஐந்தரை. கூடம் நிறைந்து வாசலிலும் ஆட்கள். மாடுகள் தேவைக்கு மேல் கத்தின. "போராடுவோம்" என்று மேடையில் ஆரம்பித்ததும், ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு வந்திருந்த அப்பாக்கள் பழக்க தோஷத்தில் கையை உயர்த்திப் பதில் முழக்கம் கொடுத்தார்கள். நாடகம் ஐந்து நிமிடம் நின்றுபோயிற்று. பிள்ளைகளுக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

ஆல்வின் முட்டிவரை தொங்கிய கோட்டோடு தாம்பாளத்தை ஏந்தி வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டிருந்தான், அது வசந்தியின் கட்டளை. இரண்டு கையாலும் மண்ணை எடுத்து தர்ஷினியின் கையில் ஊற்றினான். தலைவர் நன்றி சொல்லிக் கூட்டத்தைப் பார்த்து வணங்க வேண்டும், அவ்வளவுதான் வசனம். தர்ஷினி அதைச் சொல்லவில்லை. மண்ணை இறுக்கிப் பிடித்தபடி மேடையிலிருந்து குதித்து இறங்கி, முன்வரிசையில் இருந்த அம்மாவிடம் நேராகப் போனாள். வசந்தி எழுந்து முந்தானையை விரித்தார். மகள் அதில் கொட்டியதில் ஒரு துகள் சிந்தவில்லை.

விசில் பறந்தது. ஸ்டெல்லா என் தோளைக் கிள்ளியே புண்ணாக்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு. பூந்தமல்லி போய் வேலூர் பஸ் பிடித்து, காட்பாடியில் கோவை ரயில் ஏறுவது திட்டம். வரைபடத்தை ஸ்டெல்லாவின் சுவருக்கே கொடுத்துவிட்டேன். திருவேற்காட்டில் ஷேர் ஆட்டோ ஏறினால் உள்ளே வசந்தி. சென்னீர்குப்பத்தில் ஒரு குடோனில் துப்புரவு வேலை, ஞாயிறும் உண்டாம்.

எங்கள் வீட்டுப் பட்டா கோவையில் எந்த பீரோவில் இருக்கிறதென்றுகூட எனக்குத் தெரியாது. தேடிப் பார்க்கத் தேவை வந்ததில்லை. வசந்தி பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது அது ஞாபகம் வந்து மனசு என்னவோ செய்தது. மண்ணை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"மஞ்சத் துணில முடிஞ்சி அம்மன் படத்தாண்ட வெச்சிக்கீறேன். பட்டா வந்தாதான் அவுப்பேன்." என் காதருகே குனிந்தார். "அம்மனுக்கு மட்டும் வேண்டிக்கலக்கா. உங்க தலைவருக்கும் சேத்துதான். பட்டா வந்தா அவுருக்கும் எதுனா படைக்கணுமில்ல? அவுரு இன்னா சாப்புடுவாரு?"

பதினொரு வருடம் நூலகத்தில் அவரைப் பற்றி எத்தனையோ கேள்விகள் என் காதில் விழுந்திருக்கின்றன. இதை யாரும் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன்.

"டீ" என்றேன். "அங்க டீ நிறையக் குடிப்பாங்க. சர்க்கரை தூக்கலா."

"பாலு ஊத்தியா, வெறும் டீயா?"

"வெறும் டீதாங்க. வெளிய அடுப்பு மூட்டிப் போடுறது."

சென்னீர்குப்பம் வந்தது. வசந்தி இறங்கி, நான் தடுக்கத் தடுக்க எனக்கும் சேர்த்து டிரைவரிடம் காசு கொடுத்தார். பிறகு என் பக்கம் சுற்றிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏரிக்கரைல கல்லு கூட்டி நானே போட்டு வெக்கிறேன். சொல்லி அனுப்புறேன், நீயும் வந்துடுக்கா. அவுருக்கு இங்க யாரைத் தெரியும்? தெரிஞ்சவங்க ஒருத்தராவது பக்கத்துல இருக்க வேணாமா?"

ஆட்டோ கிளம்பிவிட்டது. தலையை வெளியே நீட்டி, "கண்டிப்பா வர்றேனுங்க!" என்று நெடுஞ்சாலையே கேட்கும்படி கத்தினேன்.