எம்.பி. கேட்ட கேள்வியில் என் வரி

ஈரச் சுவரின் வாசனை... மழை விட்டு இரண்டு நாளானாலும் போகாது. மண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்து புளித்த மாதிரி இருக்கும். மடுல்சீமைப் பக்கம் நான் படிப்பித்த தேயிலைத் தோட்டப் பாடசாலையில், நாலாம் வகுப்புக்குள் காலை வைத்ததும் அதுதான் முகத்தில் அடிக்கும்.

வகுப்பின் பின்சுவரை ஒட்டியே மலைச்சரிவு. சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. திங்கட்கிழமை தோறும் வெடிப்பின் நுனியில் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். அடுத்த திங்கள் பார்த்தால் அந்தக் கோட்டைத் தாண்டி இறங்கியிருக்கும்.

உள்ளே முப்பத்தொரு பிள்ளைகள். எனக்கு ஒரு காது பாடத்தில் இருந்தால் மற்றக் காது சுவரில்தான் இருக்கும்.

எங்கள் பாடசாலை அதிபர் மாரிமுத்து சேர் கல்விப் பணிமனைக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. வகுப்பை வேறு இடத்துக்கு மாற்றவும் அனுமதி வேண்டுமாம். அந்த அனுமதியும் வரவில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் எம்.பி. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வந்தார். மாலை மரியாதையெல்லாம் முடியும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னேன். விவரமாக எழுதித் தரச் சொன்னார், பாராளுமன்றத்தில் கேள்வியாகப் போடுவதாகச் சொன்னார். அரசாங்க ஆசிரியர் அனுமதியில்லாமல் இப்படி எழுதிக் கொடுக்கக் கூடாது. அதைச் சொன்னதும் சிரித்தார்.

"கேக்குறவன் பேருதான் வரும் டீச்சர். எழுதிக் குடுத்தவங்க பேரு எங்க வரப்போகுது?"

எழுதிக் கொடுத்தேன். சுவரின் நீளம், வெடிப்பின் அகலம், பிள்ளைகளின் எண்ணிக்கை... அதோடு நிறுத்தியிருக்கலாம். எதையும் உதாரணம் சொல்லி விளக்கிப் பழகிய கை. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'மழை தொடங்கினால் பிள்ளைகள் தாமாகவே புத்தகப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கதவைப் பார்த்துத் திரும்பி உட்காருகிறார்கள்.'

சில வாரம் கழித்துப் பணிமனையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எம்.பி. கேட்ட கேள்வியின் பிரதி அதில் இருந்தது. அமைச்சர் சபையில் பதில் சொல்ல வேண்டும், ஆகவே மூன்று நாளில் அறிக்கை அனுப்பவும் என்று எழுதியிருந்தது. கேள்வி கொழும்புக்குப் போய், ஒவ்வொரு மேசையாக இறங்கி, கடைசியில் எங்கள் ஆபிஸ் ரூமுக்கே வந்துவிட்டது!

சேர் சத்தமாக வாசித்தார். (அ) அவர் அறிவாரா... (ஆ) அவர் கூறுவாரா... (இ) இன்றேல், ஏன்? நடுவில், ஒரு எழுத்து மாறாமல், என் பிள்ளைகள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சேர் வாசிப்பதை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இந்த வரி எந்த எம்.பி.க்கும் தோணாதே டீச்சர்."

பசறை வீட்டில் ஒன்றரை வயது மகள், படுக்கையில் கணவர். தண்டனை மாற்றம் என்று என்னை மொனராகலைப் பக்கம் தூக்கிப் போட்டால் அவர்களை யார் பார்ப்பது?

வகுப்பாசிரியை என்று அறிக்கையையும் என்னையே எழுதச் சொன்னார் சேர். அன்று மத்தியானமே பணிமனையிலிருந்து போன் வந்தது. சின்ன வெடிப்புதான், திருத்தியாகிவிட்டது என்று எழுதி அனுப்பச் சொன்னார்கள். அப்படி எழுதினால் நான் தப்பிப்பேன். ஆனால் அமைச்சர் அதைச் சபையில் வாசித்துவிட்டால், பிறகு ஒருவரும் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உண்மையை எழுதினால் கேள்வியில் இருக்கும் அதே கணக்குத்தான் பதிலிலும் வரும், இரண்டும் ஒரே ஆள் எழுதியது என்று தெரிந்துவிடும்...

இரண்டு நாள் பேனையைத் தொடவில்லை. மூன்றாம் நாள் உண்மையையே எழுதிக் கொண்டுபோய் வைத்தேன்.

சேர் அதை எடுத்து, தன் கையெழுத்தில் திரும்ப எழுதினார். கடைசியில் தானாக ஒரு வரியும் சேர்த்தார்: 'மேற்படி வகுப்பு பிள்ளைக் காம்பராவுக்கு மாற்றப்பட்டுள்ளது.' கொழுந்தெடுக்கப் போகும் அம்மாமார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது.

அனுமதி வரவில்லையே சேர் என்றேன்.

"மந்திரி வாயால சபையில வாசிச்சிட்டா, அப்புறம் எவன் டீச்சர் அனுமதி கேப்பான்? பிள்ளைகளக் கூட்டிட்டுப் போங்க."

கேள்வி சபைக்கு வந்த நாளில் அமைச்சர் இரண்டு வாரம் அவகாசம் கேட்டார். அந்த இரண்டு வாரமும் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே பணிமனை ஆளோ என்று எட்டிப் பார்ப்பேன். பிறகு ஒருநாள் ரேடியோச் செய்தியில் பதில் வந்தது. வகுப்பு மாற்றப்பட்டுவிட்டது, ஆகவே மற்றக் கேள்வி எழவில்லை. சேரின் வரியைத்தான் அமைச்சர் வாசித்திருந்தார்.

அடுத்த வாரம் எங்கள் இருவரையும் பதுளைப் பணிமனைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி கேள்வியையும் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எம்.பி.க்கு விவரம் கொடுத்தது யார் என்று கேட்டார்.

"நான்தாங்க. ரெண்டும் நான் எழுதுனதுதான்" என்றார் மாரிமுத்து சேர்.

நான் மேசைக் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கும்போது அவரைக் கொஸ்லந்தப் பக்கம் மாற்றினார்கள். போகும்போது ஒரு குறை சொல்லவில்லை. அந்த வருடக் கடைசி மழையில் பின்சுவர் முழுதாக உள்பக்கம் விழுந்தது. வாங்கு மேசையெல்லாம் மண்ணுக்குள். உள்ளே யாரும் இல்லை. சேருக்குக் கடிதம் எழுதினேன். உண்மையை மட்டும் அந்த அதிகாரியிடம் நான் போய்ச் சொல்லவேயில்லை.

இப்போதெல்லாம் பாராளுமன்றம் போனிலேயே நேரடியாக வருகிறது. எம்.பி. பேசி முடிப்பதற்குள் துண்டு வீடியோ பத்து குரூப்பில் சுற்றுகிறது. என்னிடம் படித்த பிள்ளைகளும் "பாத்தீங்களா டீச்சர், எப்படிக் கேட்டாரு" என்று அனுப்புகிறார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அன்று போல ரேடியோவுக்குக் காது கொடுத்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் நான் அவர் எப்படிக் கேட்டார் என்று பார்ப்பதில்லை. அந்த இடத்தில் இருப்பவருக்கு மட்டுமே தெரிந்த வரி ஒன்று அதில் இருக்கிறதா என்றுதான் தேடுகிறேன்.

இருந்துவிட்டால்... எந்தத் தோட்டத்தில் எந்த டீச்சர் இப்போது நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரோ, பக்கத்தில் ஒரு மாரிமுத்து சேர் இருக்கிறாரோ இல்லையோ என்று, அன்றைக்குச் சோறு இறங்குவதில்லை.