பதினோரு இஞ்ச் போதும்

1. கூட வருகிற ஆள்

வண்ணார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடையின் சேல்ஸ் கவுண்டரில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, முதலாளி அண்ணாச்சி கூப்பிட்டு ஒரே ஒரு பாடம்தான் சொன்னார்.

"ஏம்மா ஜெயா, லேப்டாப் வாங்க எவனும் ஒத்தையில வர மாட்டான். விவரம் தெரிஞ்சவன்னு கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வருவான். நீ அந்த ஆள்கிட்டப் பேசு. அவன் தலையை ஆட்டிட்டான்னா பெட்டி போயிரும்."

அதற்குப் பிறகு கம்பெனிக்காரர்கள் நடத்திய ட்ரெய்னிங் எத்தனையோ. பிராசசர், ராம், கிராஃபிக்ஸ் என்று ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள், மத்தியானம் பிரியாணியும் போட்டார்கள். போன வருஷம் வேலையிலிருந்து நின்றுகொள்ளும் வரை எனக்குச் சோறு போட்டது அண்ணாச்சியின் பாடம்தான். இப்போது கவுண்டரில் நிற்கிற பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

கூட வருகிற ஆளில் பல ரகம் உண்டு. பெங்களூரில் வேலை பார்க்கிற மச்சினன் ஒரு ரகம். மொபைலில் படம் டவுன்லோட் செய்யத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு ரகம். காயல்பட்டினத்துக் குடும்பங்களில் ஆள் நேரில் வர மாட்டார், துபாயிலிருந்து வீடியோ காலில் வருவார். "பெட்டியைத் திருப்புங்க, பின்பக்கம் காட்டுங்க, மூடித் திறந்து காட்டுங்க" என்று பெண் பார்ப்பதுபோல் பார்ப்பார். கடைசியில், "இங்கன இது பாதி விலைதான்" என்பார். "அப்ப அங்கனயே வாங்கி அனுப்பிருங்களேன்" என்று நான் சொன்னதும் சிக்னல் போய்விடும்.

நான் பெண் என்பதால் எனக்கு இன்னொரு சடங்கும் இருந்தது. "யாராச்சும் விவரம் தெரிஞ்ச ஆள் உள்ள இருந்தாக் கூப்பிடும்மா" என்பார்கள். நான் உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, "நான்தாங்க அந்த ஆள்" என்பேன். முதல் நாள்களில் கோபம் வந்தது. பிறகு வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்க ஒரு சாக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

2. கையில் கனக்க வேண்டாமா

நெட்புக் என்று ஒரு குட்டி லேப்டாப் முன்பு வந்தது. பெயர் செத்துப் போயிற்று, சாமான் சாகவில்லை. இன்றும் பதினோரு இஞ்ச் திரையும் நாலு ஜிபி ராமுமாக, ஏதேதோ பெயரில் ஷோகேசின் கீழ்த்தட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதன் நல்லது கெட்டதைச் சொல்லிவிடுகிறேன். விலை குறைவு. தூக்க லேசு. ஃபேன் கிடையாது, அதனால் சத்தம் கிடையாது. கரண்ட் போனாலும் பேட்டரி பகல் முழுக்கத் தாங்கும்.

கெட்டதும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு வேலை சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ராமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், பின்னால் கூட்ட வழியில்லை. ஒரு கல்யாண வீடியோவை ஏற்றினால் வயிறு நிறைந்துவிடும். அப்டேட் என்று ஆரம்பித்தால் நாம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வரலாம். டைப் அடிக்க, மெயில் பார்க்க, கணக்குப் பார்க்கப் போதும். அதற்கு மேல் ஆசைப்படுகிறவர்கள் வாங்கக் கூடாது.

இதை ஒரு திங்கட்கிழமை, ஆழ்வார்திருநகரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்திடம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். வந்தது நாலு பேர். பணம் சண்முகத்தாய் என்ற அம்மாவுடையது. வாழை இலையைக் கட்டுக் கட்டாகச் சந்தைக்கு அனுப்புகிறவர். உடன் அவர் மகன் இசக்கி, லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். விவரம் தெரிந்த ஆளாக வந்தவர் அந்த அம்மாவின் கொழுந்தன் பிச்சையா. பஞ்சாயத்து ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். நாலாவதாக, கதவோரம் நின்றது இசக்கியின் மனைவி உமா. பி.காம். படித்தவள். லேப்டாப் அவளுக்குத்தான்.

ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் பில்களைச் சரிபார்க்கிற கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை ஏறக்குறைய முடிவாகியிருந்தது. வீட்டிலிருந்தே செய்கிற வேலை. இதற்கு முன் சென்னையில் இரண்டு வேலை வந்து, வெளியூர் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். இதற்கு ஒரு ஆன்லைன் டெஸ்ட் பாக்கி. செவ்வாய்க்கிழமை காலை, கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இவ்வளவையும் எனக்குச் சொன்னது பிச்சையாதான். உமாவைப் பற்றி உமாவைத் தவிர எல்லோரும் பேசினார்கள்.

பிச்சையா பதினோரு இஞ்சை ஒரு கையால் தூக்கினார். முகம் சுருங்கியது.

"என்னம்மா இது, கனமே இல்ல? இவ்வளவு ரூவா குடுக்கோம், கையில கனக்க வேண்டாமா? உள்ள சாமானம் எல்லாம் வச்சிருக்காவளா இல்லியா?"

"லேசா இருக்கதுதான் சார் இதுல நல்லது."

"குத்துவிளக்கு வாங்கப் போனாலும் தூக்கித்தான பாக்கோம். கனம் இல்லாத சாமான்ல என்ன நல்லது?"

பிறகு பதினைந்து இஞ்சை இரண்டு கையாலும் தூக்கினார். முகம் மலர்ந்தது. "ஏலே இசக்கி, இது சாமான். நாலு பேரு வீட்டுக்கு வந்தா டேபிள்ல வச்சாப் பாக்க ஒரு இது வேணும்லா."

சண்முகத்தாய் என்னிடம் திரும்பினார். "ஏம்மா, ரெண்டும் ஒரே சோலிதான பாக்கும்?"

"பெருசு வேகமாப் பாக்கும்மா."

"இவ பில்லு பாக்கதுக்கு அவ்வளவு வேகம் வேணுமா?"

வேண்டும் என்று சொன்னால் பெரிய பெட்டி போகும், எனக்கும் இன்சென்டிவ் சேரும். அந்த அம்மாவின் பார்வை பொய் சொல்ல வசதியாக இல்லை. "வேண்டாம்" என்றேன்.

"ஆனாலும் பெருசே இருக்கட்டும் மதினி" என்று பிச்சையா ஆரம்பித்தார். அப்போதுதான் கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

"அத்தை, எனக்குப் பதினோரு இஞ்ச் போதும்."

சண்முகத்தாய் பெருமையாக என்னைப் பார்த்தார். பிச்சையாவே, "பிள்ள சிக்கனமா இருக்கா" என்று ஒத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்தவர் காசு என்றால் மேல்தட்டைக் கைகாட்டுகிறவர்களைத்தான் என் சர்வீசில் பார்த்திருக்கிறேன்.

பிச்சையா பையில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இலவசப் பை பதினைந்து இஞ்சுக்கு உள்ளதாக இருக்க வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினார். அதற்குள் அந்தச் சின்னப் பெட்டி, கல்யாண அண்டாவில் போட்ட கரண்டி மாதிரி உருண்டுகொண்டு போயிற்று.

3. நெற்றியில் கண்

மறுநாள் கடை திறந்ததும் போன். பிச்சையா.

"ஏம்மா, நீங்க வித்த பெட்டிக்குக் கண்ணு தெரியல. பிள்ள முகமே விழ மாட்டேங்கு. நான் அப்பவே சொன்னேன், கனமில்லாத பெட்டி வேண்டாம்னு. யார் கேக்கா?"

டெஸ்ட் பத்து மணிக்கு. பத்தரைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். மணி அப்போது ஒன்பதே முக்கால். போனை உமாவிடம் கொடுக்கச் சொன்னேன். "அக்கா, கேமரா ஆன் ஆகுது. ஆனா படம் கருஞ்சிவப்பாக் கிடக்கு. முகம் தெரியலன்னு திருப்பித் திருப்பிச் சொல்லுது."

"நேத்தே போட்டுப் பாக்கலியாம்மா?"

"நல்ல நேரத்துலதான் ஆன் பண்ணணும்னு சின்ன மாமா சொல்லிட்டாவ. காலைலதான் ஆன் பண்ணோம்." சின்ன மாமா என்றது பிச்சையாவை.

பிரைவசி செட்டிங் பார்க்கச் சொன்னேன். சரியாக இருந்தது. கேமராவை இயக்குகிற டிரைவர் சாஃப்ட்வேரைப் பார்க்கச் சொன்னேன், அதுவும் சரி. ரீஸ்டார்ட் கொடுக்கச் சொன்னேன். கொடுத்ததும், 'அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்' என்று வந்துவிட்டது. பட்ஜெட் பெட்டியின் குணத்தை வாடிக்கையாளருக்கு ஒப்பிப்பது சுலபம், அதோடு மாட்டிக்கொண்டு நிற்பது வேறு. போனில் உமா அழுவது கேட்டது. பின்னால் பிச்சையா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகும் வழியை இசக்கிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

பெட்டி ஒரு வழியாக முழித்தது. படம் அப்படியேதான் கிடந்தது. "இசக்கி போன்ல வீடியோ கால்ல வாங்க, பெட்டியைக் காட்டுங்க" என்றேன்.

காட்டினார்கள். திரையின் மேல் விளிம்பில், நட்ட நடுவில், கட்டை விரல் அகலத்துக்குச் சந்தனம். அதன் மேல் குங்குமம்.

நடந்தது இதுதான். முதல் நாள் கடையிலிருந்து நேராக ஊர் அம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். எங்கள் பக்கம் பைக் ஆனாலும் டிராக்டர் ஆனாலும் கிணற்று மோட்டார் ஆனாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் வேலைக்கு இறக்க மாட்டோம். பூசாரி மூடியைத் திறந்து, நெற்றி எது என்று பார்த்து, அளந்தது போல் நடுவில் வைத்துவிட்டார். மனிதருக்கு நெற்றிக்குக் கீழே கண் இருக்கிறது. லேப்டாப்புக்கு நெற்றியிலேயே இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? அந்தச் சின்ன ஓட்டையை அவர் ஆணி ஓட்டை என்று நினைத்திருப்பார்.

"அந்தப் பொட்டைத் துடைங்க, சரியாயிரும்" என்றேன். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"சாமி பொட்டை அழிக்கதா?" என்றார் சண்முகத்தாய். "தாலியும் பொட்டுமா, கட்டுக்கழுத்தியா ஒரு பிள்ள மொத மொத வேலைக்கு உக்காரப் போறா. அந்நேரம் பொட்டைத் துடைக்கச் சொல்லுதீயளே, நல்லாருக்குமா?"

அந்த அம்மா சொல்வதை மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. எங்கள் கடை பில் மெஷினுக்கு வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு வைக்கிறவளே நான்தான்.

"வேற பெட்டி குடுக்கச் சொல்லு" என்றார் பிச்சையா. "பெருசு வாங்கியிருந்தா இந்தப் பாடே இல்ல. பொட்டுக்குன்னு தனியா எடம் இருந்திருக்கும்." பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்தச் சின்னப் பெட்டி பூசாரி விரலுக்கும் சேர்த்துத் திட்டு வாங்கியது.

வேறு பெட்டியோடு நான் பஸ் ஏறினால்கூடப் போய்ச் சேருவதற்குள் டெஸ்ட் முடிந்துவிடும். மணி பத்து இருபது. அவள் கையை நீட்டினால் பொட்டைத் தொட்டுவிடலாம். ஆனால் மாமியார் சொல்லாமல் அவள் தொட மாட்டாள். உமா அழுகையை நிறுத்திவிட்டு மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த அழுகையைவிட இந்தப் பார்வைதான் தாங்க முடியவில்லை.

"எம்மா, அந்தப் பொட்டு யாருக்காக வச்சது? பெட்டிக்கா, பிள்ளைக்கா?" என்று கேட்டேன்.

சண்முகத்தாய் போனையும் பார்க்கவில்லை, கொழுந்தனையும் பார்க்கவில்லை. பெட்டி முன்னால் குனிந்து, நடுவிரலால் அந்தச் சந்தனத்தைக் குங்குமத்தோடு பைய வழித்து எடுத்தார். திரும்பி உமாவின் நெற்றியில் வைத்தார். முந்தானையால் கேமராவை ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்தார்.

"அழிக்கல. இருக்க வேண்டிய எடத்துல வச்சிருக்கேன். உக்காருட்டி."

உமாவின் முகம் திரையில் விழுந்தது. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று எழுத்து வந்தது. சண்முகத்தாய் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "தம்பி, வெளிய வாங்க" என்று பிச்சையாவையும் போன் பிடித்து நின்ற இசக்கியையும் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

4. எங்கே வைப்பீங்க

உமாவுக்கு வேலை கிடைத்தது. சில மாதம் கழித்து ஒரு நாள் ஹெட்செட் வாங்கத் தனியாகக் கடைக்கு வந்தாள். சந்தோஷத்தில் காபி வாங்கிக் கொடுத்தேன். காபியோடு என் வேலையையும் பார்த்தேன்.

"இப்பத்தான் கைநிறையச் சம்பளம் வருதே. எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் போட்டிருக்கோம். சின்னதைக் குடுத்துட்டுப் பெருசா எடுத்துக்கோ. அது உன்னைக் காக்க வைக்குமே?"

"ஆமாக்கா, இழுக்கும். ஆனா பெருசு வேண்டாம்."

"இன்னும் சிக்கனமா?"

அவள் சிரித்தாள். "சிக்கனம் இல்லக்கா. பெருசுன்னா ஹால்ல டேபிள்ல வச்சிருப்பாவ. சின்ன மாமா காலைல பேப்பர் பாப்பாவ. எங்க வீட்டுக்காரவிய சாயங்காலம் படம் பாப்பாவ. பக்கத்து வீட்டுப் பிள்ளைய எல்லாம் கேம் விளையாட வந்துரும். எனக்கு எப்பக் கிடைக்கும்? இது சின்னது, படம் போட்டாச் சிக்கிச் சிக்கி ஓடும். ரெண்டு நாள் பாத்துட்டு எல்லாரும் விட்டுட்டாவ. இப்ப இதை என்னைத் தவிர ஒருத்தரும் தொட மாட்டாவ. அந்த வீட்ல எனக்கே எனக்குன்னு இருக்க சாமான் இது ஒண்ணுதான்."

அன்று கடையில் நான் குறை என்று ஒப்பித்த ஒவ்வொன்றையும் அவள் கதவோரம் நின்று நிறையாக மனசில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். நாங்கள் எல்லோரும் அவளைச் சிக்கனக்காரி என்று பாராட்டி அனுப்பியிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே மனசும் கனத்தது. அந்த எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் நோட்டீசை மடித்து டிராயரில் போட்டுவிட்டேன்.

ஆகவே கவுண்டரில் நிற்கிற பிள்ளைகளே, பட்ஜெட் லேப்டாப் வாங்கலாமா என்று ஒரு குடும்பம் வந்து நின்றால், ராமையும் பிராசசரையும் பிறகு சொல்லுங்கள். "இதை வீட்ல எங்க வைப்பீங்க? யார் யார் தொடுவாங்க?" என்று முதலில் கேளுங்கள். கூட வந்த ஆள் பதில் சொல்ல வாயைத் திறப்பார். அவருக்கு ஒரு நாற்காலியும் தண்ணீரும் கொடுத்து உட்கார வையுங்கள். கதவோரம் நிற்கிறவள் சொல்லட்டும்.