நழுவிய கழுத்துப்பட்டை

காலை ஐந்து மணி பத்து நிமிடம். பக்கத்து வீட்டுக்காரர் சரவெடியைப் பற்றவைத்த நேரம் அது. அப்போதுதான் எங்கள் நாய் என் கையைவிட்டுப் போனது.

தப்பு என்னுடையது. தீபாவளியன்று வீட்டில் எல்லோர் தலையிலும் நான்தான் எண்ணெய் வைப்பேன். "அதுவும் நம்ம வூட்டு ஆளுதானேம்மா" என்று ஐந்தாவது படிக்கும் மகள் சொன்னாள். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு, நாயின் தலையிலும் கழுத்திலும் நல்லெண்ணெய் தடவினேன். துடைக்கவில்லை. இறுக்கினால் வலிக்குமே என்று பட்டையை ஒரு துளை தளர்த்தி மாட்டினேன். வெடித்ததும் ஒரே இழுப்பில் தலையை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. சங்கிலியும் பட்டையும் என் கையில் தொங்கின.

அன்று முழுவதும் தேடினோம். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போனோம். பஸ் ஸ்டாண்டில் விசாரித்தோம். பீங்கான் பொம்மை செய்யும் எங்கள் ஊர் செராமிக் பட்டறைகள் லீவில் பூட்டிக் கிடந்தன. ஒரு பட்டறையின் கேட்டில் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். "உள்ள எதுவும் வரலம்மா" என்றார் வாட்ச்மேன். எதற்கும் இருக்கட்டும் என்று அவரிடம் வீட்டு அடையாளம் சொல்லிவிட்டு வந்தேன். எங்கே வெடி வெடித்தாலும், அது இன்னும் தூரம் ஓடியிருக்கும் என்றுதான் தோன்றியது.

"நாய்க்குப் போயி நல்ல நாள்ல யாராவது அழுவாங்களா? பசிச்சா தானா வரும், வுடுங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

மகள் புதுத்துணி உடுத்தவில்லை. நீதானே எண்ணெய் வைத்தாய் என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்துகொண்டே இருந்தேன். சாயங்காலம் அருகில் வந்து உட்கார்ந்தாள். "நான்தானேம்மா வெக்கச் சொன்னேன்" என்றாள்.

மறுநாள் காலை, அந்தப் பட்டறையில் சூளை எரிப்பவர் வாட்ச்மேனிடம் அடையாளம் கேட்டுக்கொண்டு வந்தார். அவர் தோளில் எங்கள் நாய். உடம்பெல்லாம் வெள்ளைத் தூசி. நடுங்கிக்கொண்டிருந்தது. மகள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் போனதும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சூளையில பொம்மைங்கள அடுக்கி வெச்சிட்டு, வாசல அடைக்காமலே லீவுக்குப் போயிட்டோம்ங்க. இன்னிக்கு வந்து வாசல செங்கல் வெச்சு அடைச்சிக்கிட்டு இருந்தேன். இன்னும் நாலு கல்லுதான் பாக்கி. உள்ளேர்ந்து மொனகுற சத்தம் கேட்டுச்சு. கேக்காம இருந்திருந்தா பத்த வெச்சிருப்பேம்மா. பாப்பாகிட்ட இத சொல்லிடாதீங்க."